நேரில் பார்த்தவர்கள்

இந்தோசைனா,
14-11-1956

அக்கா முத்துமாரியம்மாளுக்கும் மச்சானுக்கும் ஆத்மநாதன் கும்பிட்டு எழுதுவது. கப்பலில் பிடித்த வாந்தி கரை இறங்கியதும் நின்றுவிட்டது. இப்போது மூன்று வேளையும் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது? மச்சானுக்கு முழங்கால் வலி விட்டதா?

நான் துப்பாக்கி தூக்கிச் சண்டைக்குப் போயிருப்பதாக ஊரில் பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அப்படி இல்லை. இங்கே சண்டை ஓய்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. நடுவில் ஒரு கோடு போட்டுத் தேசத்தை வடக்கு, தெற்கு என்று பிரித்துவிட்டார்கள். சண்டைக் காலத்தில் எதிர்ப்பக்கம் இருந்தவர்களை இனி யாரும் பழிவாங்கக் கூடாது என்று ஒப்பந்தம் இருக்கிறது. அதை இரண்டு பக்கமும் ஒழுங்காக நடத்துகிறதா என்று பார்க்க மூன்று தேசத்தார் சேர்ந்து ஒரு கமிஷன். நம் தேசம் தலைமை.

எங்கள் குழுவில் நம் மேஜர் ஒருவர், மற்ற இரண்டு தேசத்து ஆபீசர்கள் இருவர். அவர்கள் பெயர் என் வாயிலேயே நுழையவில்லை, உங்கள் வாயில் எப்படி நுழையும்? ஒருவரைச் செம்பட்டைத் தலைக்காரர் என்றும் இன்னொருவரைக் கண்ணாடிக்காரர் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய தேசத்துக்கு வடக்கோடு சிநேகம், மற்றவருடைய தேசத்துக்குத் தெற்கோடு சிநேகம். நாம் இரண்டுக்கும் பொது. புகார் வந்த கிராமத்துக்குப் போய் விசாரிப்பார்கள். ஹவில்தார் கிளார்க்காகிய நான் அறிக்கையை டைப் அடிப்பேன்.

நம்மை ஏன் கூப்பிட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். இங்கே நமக்குச் சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. அப்படிப்பட்டவன் சொன்னால்தானே அது நியாயம். பெருமையாக இருக்கிறது அக்கா.

கண்மாய் பெருகியதா? மழை விவரம் எழுதுங்கள்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
ஆத்மநாதன்.


வாகைக்குடி,
திருமயம் தாலுகா,
21-12-1956

தம்பி ஆத்மநாதனுக்கு அக்காவின் ஆசி. உன் காகிதம் வந்து பத்து நாள் ஆகிறது, கையொழியவில்லை. நான் சுகம். உன் மச்சானுக்கு முழங்கால் தேவலை, நல்லெண்ணெய் போட்டுத் தேய்க்கிறேன். அந்த ஊர்க் குளிரில் தலை நனைத்துக்கொண்டு நிற்காதே.

மழை ஏமாற்றிவிட்டது. கண்மாய் பாதிகூட நிரம்பவில்லை. இருக்கிற தண்ணீரை நாமும் பொட்டல்பட்டிக்காரர்களும் முறை வைத்துப் பாய்ச்சுகிறோம். மூன்று நாள் நமக்கு, இரண்டு நாள் அவர்களுக்கு. போன வாரம் நம் முறையில் அவர்கள் மடையைத் திறந்துவிட்டதாக உன் மச்சான் வந்து குதித்தார். மறுநாள் திருமயம் சந்தையில் பொன்னுத்தாயைப் பார்த்தேன். பொட்டல்பட்டியில் வாழ்க்கைப்பட்டாளே, அவள்தான். "ஒங்க ஊர்க்காரவுகதான் எங்க முறையில மடைய அடைச்சாகளாம்ல?" என்று அவள் என்னைக் கேட்கிறாள்.

கண்மாய்க் கரைக்கு இந்தப் பக்கம் நான் இருக்கிறேன், அந்தப் பக்கம் அவள் இருக்கிறாள். எங்கள் இரண்டு பேருக்குமே எது நிஜம் என்று தெரியவில்லை. நீ பாஷை தெரியாத ஊரில் போய் நியாயம் சொல்லப்போகிறேன் என்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, படித்துவிட்டுச் சிரித்தேன். உன் மச்சானுக்கும் வாசித்துக் காட்டினேன். "அவனுக்கென்ன, டைப் அடிக்கிறான், சம்பளம் வருது" என்றார்.

சமஸ்தானம் இருந்தபோது தண்ணீர்த் தகராறு என்றால் புதுக்கோட்டையிலிருந்து ஆள் வருவான், அவன் நம் பக்கத்து ஆளாக இருப்பான். இப்போது எல்லாம் திருச்சிராப்பள்ளி என்கிறார்கள். அங்கே இருக்கிறவனுக்கு வாகைக்குடி எந்தத் திசை என்று தெரியுமோ என்னவோ.

வேளைக்குச் சாப்பிடு. எழுத்தை நிறுத்தாதே.

உன் அக்கா,
முத்துமாரி.


இந்தோசைனா,
18-1-1957

அக்காவுக்கும் மச்சானுக்கும் வணக்கம். பொங்கலுக்கு இங்கே செல்லமுத்து என்பவர் வீட்டில் சாப்பிட்டேன். நம் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். இருபது வருஷமாக இந்த ஊரில் துணிக்கடை வைத்திருக்கிறார். இந்த ஊர்ப் பாஷை அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. உங்கள் நலம் அறிய ஆவல்.

நீங்கள் சிரித்தது சரியாகப் போய்விட்டது. பத்து நாள் முன்பு ஒரு கிராமத்துக்குப் போனோம். ஊர் பெயரையும், அது எந்தப் பக்கம் என்பதையும் எழுத எனக்கு அனுமதி இல்லை. அங்கே பதினொரு ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள், ஒருவரும் திரும்பவில்லை என்று புகார். ஜீப் போகிற பாதை தெரியவில்லை என்று செல்லமுத்துவையும் வழிகாட்ட அழைத்துப் போனோம். மொழிபெயர்ப்பாளரை அந்தப் பக்கத்து அரசாங்கமே கொடுத்தது.

மாமரத்தடியில் மேஜை போட்டு ஒவ்வொருவராகக் கேட்டார்கள். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள்: அந்தப் பதினொரு பேரும் பட்டணத்துக்கு வேலை தேடிப் போயிருக்கிறார்கள். செம்பட்டைத் தலைக்காரர், "ஒரே நாளில் பதினொரு பேருக்கும் வேலை தேடத் தோன்றியதா?" என்று கேட்டார். கண்ணாடிக்காரர், "சாட்சியை மிரட்டக் கூடாது" என்றார். இரண்டு பேரும் பேசிக்கொண்டது கால் மணி நேரம்.

கடைசியாக ஒரு பெண் வந்தாள். உங்கள் வயதுதான் இருக்கும். கையில் இருந்த கூடையைக் கீழே வைக்காமலே வெகுநேரம் பேசினாள். நடுவில் யாரும் நிறுத்தவில்லை. அவள் முடித்ததும் மொழிபெயர்ப்பாளர், "வயலில் இருந்தேன், எதையும் பார்க்கவில்லை என்கிறாள்" என்றார். அவ்வளவுதான்.

மேஜர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். "புகார் நிரூபிக்கப்படவில்லை. பொய் என்றும் நிரூபிக்கப்படவில்லை." மூன்று ஆபீசர்களும் கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் மூவரும் ஒத்துப்போனது அன்றைக்குத்தான்.

எனக்குத் தலை சுற்றுகிறது. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கதிர் எப்படி?

அன்புடன்,
ஆத்மநாதன்.


வாகைக்குடி,
9-2-1957

தம்பிக்கு அக்கா ஆசீர்வாதம். நாங்கள் இருக்கிறோம். உன் மச்சானும் நலம்.

தை கடைசியில் மடையில் ஒரு தகராறு. கதிர் பால் பிடிக்கிற நேரம், இரண்டு ஊரும் இறங்கிவிட்டது. பொட்டல்பட்டி வெள்ளைச்சாமி இறந்துவிட்டான். உனக்கு அவனைத் தெரியும். மணப்பாறைச் சந்தைக்கு உன் மச்சானோடு மாடு பிடிக்கப் போவானே, அழகி மகன். மடைக்கல்லில் விழுந்து தலையில் அடி என்று எல்லோரும் சொல்கிறார்கள்.

போலீஸ் வந்து போகிறது. வேறு விசேஷம் இல்லை. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

முத்துமாரி.


இந்தோசைனா,
1-3-1957

அக்காவுக்கு வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலம் என்று எழுதியிருந்தீர்கள், ஆனால் காகிதத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. நாலு வரியில் முடித்துவிட்டீர்கள்.

வெள்ளைச்சாமியைத் தெரியாமலா? லீவில் வந்தபோது என் பெட்டியைத் திருமயத்திலிருந்து தலையில் சுமந்து வந்தவன். மடைக்கல்லில் விழுந்தான் என்கிறீர்கள். தானாக விழுந்தானா, யாராவது தள்ளினார்களா? மச்சான் அன்றைக்கு எங்கே இருந்தார்? நீங்கள் எங்கே இருந்தீர்கள்? மறைக்காமல் எழுதுங்கள்.

விசாரிக்க வெளியிலிருந்து ஆபீசர் வந்தால் பயப்பட வேண்டாம். நம் ஊர்க்காரன் வந்தால் ஒன்று நம் பக்கம் சாய்வான், அல்லது பொட்டல்பட்டிப் பக்கம் சாய்வான். வெளியாளுக்கு அது கிடையாது. இங்கே நான் பார்த்தது எனக்குக் குழப்பமாக இருந்தாலும், இந்த ஒன்றை மட்டும் இன்னும் நம்புகிறேன். நம்பாவிட்டால் இங்கே நான் உட்கார்ந்திருப்பதற்கு அர்த்தம் இல்லை.

தாமதிக்காமல் பதில் போடுங்கள்.

ஆத்மநாதன்.


வாகைக்குடி,
25-3-1957

தம்பிக்கு. சுகம்தான். நீ கேட்டதற்கெல்லாம் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு காகிதத்தைக் கிழித்தேன். இது மூன்றாவது.

ஆபீசர் வந்தார். சப் கலெக்டர் அந்தஸ்து என்றார்கள். வடக்கே எங்கோ பிறந்தவராம், வயது முப்பதுக்குள். நீ சொன்ன மாதிரி அவருக்கு இங்கே சொந்தமும் இல்லை, பகையும் இல்லை. படித்த தமிழில் மரியாதையாகப் பேசினார். ஆனால் வயலுக்குத் திறக்கிற மடைக்கும் மிச்சத் தண்ணீர் வழிகிற கலிங்குக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தண்ணீர் வெளியேறுகிற இடம் என்றதும் இரண்டையும் ஒன்றாக எழுதிக்கொண்டார். கூட வந்த கிளார்க் திருத்தினான்.

அவர் வருவதற்கு முந்தின நாள் ஊர் கூடியது. விழுந்து செத்தான் என்று சொன்னால் நிற்காது, மண்டையில் மண்வெட்டி வெட்டு இருக்கிறது என்று டாக்டர் எழுதிவிட்டாராம். ஒரு பெயர் கொடுத்தால்தான் விடுவார்கள் என்று பேசினார்கள். பிச்சை பெயரைக் கொடுப்பது என்று முடிவானது. பிச்சையைத் தெரியுமில்லையா, நம் வீட்டில் கூலிக்கு வருகிற பிச்சை. அவனுக்கு நிலம் இல்லை, அண்ணன் தம்பி இல்லை. முப்பது பேர் போய் முப்பது பேரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். ஆபீசர் எழுதிக்கொண்டார். வேறு என்ன செய்வார்? பிச்சையை விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பொம்பளைகளை அவர் கேட்கவில்லை. நான் வீட்டுக்குள் இருந்தேன்.

பிச்சை பெண்டாட்டி செவந்தி தினமும் காலையில் வந்து நம் வாசலில் நிற்கிறாள். "அன்னைக்கு அவரு எங்க இருந்தாருன்னு ஒங்களுக்குத் தெரியும்லக்கா. நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதும்" என்கிறாள். உன் மச்சான் வந்தால் போய்விடுகிறாள்.

அன்றைக்குப் பிச்சை நம் மாட்டுக் கொட்டகைக்குக் கூரை வேய்ந்துகொண்டிருந்தான். நான்தான் கீழிருந்து ஓலை எடுத்துக் கொடுத்தேன். உன் மச்சானுக்குக் கஞ்சி கொண்டுபோக நான் மடைக்குக் கிளம்பினபோதும் அவன் கூரைமேல்தான் இருந்தான்.

உன்னை ஒன்று கேட்கிறேன். கூடையோடு வந்து பேசினாள் என்று எழுதினாயே, அவள் என்ன ஆனாள்? அவ்வளவு நேரம் பேசினவள் ஒன்றும் பார்க்கவில்லை என்றா சொல்லியிருப்பாள்?

சளி பிடித்தால் சுக்கு போட்டுக் குடி.

முத்துமாரி.


இந்தோசைனா,
30-5-1957

அக்காவுக்கு வணக்கம். மூன்று மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். நடுவில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்திருந்தேன். ஆனால் எழுதாததற்குக் காய்ச்சல் காரணம் இல்லை.

அந்தப் பெண் என்ன பேசினாள் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். திரும்பி வரும்போது ஜீப்பின் பின்பக்கம் நானும் செல்லமுத்துவும் உட்கார்ந்திருந்தோம். அவர் காதோடு சொன்னார்: "ஐயா, அந்தப் பொம்பள பதினோரு பேரோட பேரையும் சொல்லுச்சுங்க. யாரு வந்தா, எந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனாங்க எல்லாம் சொல்லுச்சு. கடைசியாச் சொன்ன பேரு அது புருஷன் பேரு." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் பேர மட்டும் வெளிய விட்டுராதீங்க. நான் இங்க கடை வச்சுப் பொழைக்கணும்" என்றார்.

இது தெரிந்துதான் நிரூபிக்கப்படவில்லை என்று டைப் அடித்தேன். மேஜரிடம் சொல்லவில்லை. நான் கிளார்க், என்னைக் கேட்கவில்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். உங்களுக்கு எழுதிய காகிதத்திலும் அதை விட்டுவிட்டேன்.

மார்ச் மாதம் வேறு வேலையாக அந்த ஊர் வழியே போனோம். அவள் வீடு எது என்று செல்லமுத்து காட்டினார். கதவு இல்லை. உள்ளே கோழி மேய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, அப்படி ஒருத்தி இந்த ஊரில் இருந்ததே இல்லை என்றார்கள். தானாகப் போனாளா, கொண்டுபோனார்களா, ஏதும் தெரியவில்லை. நாங்கள் மேஜையைப் போடாமல் இருந்திருந்தால் அவள் அந்த வீட்டில் இருந்திருப்பாள் என்பது மட்டும் தெரிகிறது.

வெளியாள் நியாயமாகப் பார்ப்பான் என்று எழுதினேன். அவன் மேஜையை மடக்கிக்கொண்டு போய்விடுகிறான் என்பதை அப்போது எழுதவில்லை.

அதனால் சொல்கிறேன், நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம். பிச்சைக்கு வக்கீல் வைக்க நான் ஏற்பாடு செய்கிறேன். நீங்கள் அந்த ஊரில் இருக்க வேண்டியவர்கள். மடைக்குக் கஞ்சி கொண்டு போனதாக எழுதியிருந்தீர்கள். அங்கே என்ன பார்த்தீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜாக்கிரதையாக இருங்கள்.

ஆத்மநாதன்.


வாகைக்குடி,
24-6-1957

தம்பிக்கு அக்கா எழுதுவது. காய்ச்சல் முழுக்க விட்டதா? வாய்க்கசப்பு இருந்தால் எலுமிச்சை ஊறுகாய் தொட்டுக்கொள், செல்லமுத்து வீட்டில் இருக்கும்.

உன் காகிதம் வருவதற்கு மூன்று நாள் முன்பே நான் திருமயம் போய் வந்துவிட்டேன். முன்னால் வந்திருந்தால் போயிருப்பேனா என்று கேட்காதே. எனக்கே தெரியாது.

ஆபீசர் பங்களாவில் முகாம் போட்டிருந்தார். செவந்தியும் நானும் பஸ்ஸில் போனோம். உன் மச்சானிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். "திருமயம் போறேன். பிச்சை நம்ம வீட்டுலதான் இருந்தான்னு சொல்லப் போறேன்" என்றேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

ஆபீசர் என்னை நாற்காலியில் உட்காரச் சொன்னார். நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"முப்பது பேர் வேறு மாதிரி சொல்லியிருக்கிறார்களே அம்மா?"

"முப்பது பேரும் மடையில நின்னாங்க. பிச்சை எங்க இருந்தான்னு அவுங்களுக்கு எப்படிங்க தெரியும்? ஓலை எடுத்துக் குடுத்தவ நான்."

"பிறகு நீங்களும் மடைக்குப் போனீர்களா?"

"கஞ்சி கொண்டு போனேங்க."

"அப்படியானால் பார்த்திருப்பீர்கள். யார் அடித்தது?"

"அதக் கேக்காதீங்க."

"கேட்கத்தானே என்னை அனுப்பியிருக்கிறார்கள்."

"நீங்க கேட்டுட்டு வந்த ஊருக்குப் போயிருவீங்க. நான் வாகைக்குடிக்குத்தானே திரும்பிப் போகணும்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். என்னை மிரட்டுவார் என்று நினைத்தேன். அதட்டக்கூட இல்லை. பேனாவை மறுபடி எடுத்து, "சொன்ன வரைக்கும் எழுதிக்கொள்கிறேன்" என்றார். நான் கையெழுத்துப் போட்டேன்.

பிச்சையை விட்டுவிட்டார்கள். புது ஓலை வேய்ந்திருக்கிறதா என்று கிளார்க் நம் கொட்டகையை வந்து பார்த்துவிட்டுப் போனான். அடித்தவர் யார் என்று தெரியவில்லை என்று எழுதிவிட்டதாகக் கேள்வி.

இப்போது ஊரில் என்னோடு யாரும் பேசுவதில்லை. நான் போனால் கிணற்றடியில் இடம் விடுகிறார்கள். உன் மச்சான் சோறு வைத்தால் சாப்பிடுகிறார், போ வா என்றுகூடச் சொல்வதில்லை. பாதி சொன்னேன், பாதியை விழுங்கினேன். சொன்னதற்காக ஊர் கோபித்துக்கொள்கிறது. சொல்லாததை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் செய்தது நல்லதா கெட்டதா, நீயாவது சொல்.

நீ உன் மேஜரிடம் சொன்னாயா?

முத்துமாரி.


இந்தோசைனா,
25-7-1957

அக்காவுக்கு வணக்கம். காய்ச்சல் போய்விட்டது, பசிக்கிறது. நீங்கள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது கவலையாக இருக்கிறது.

உங்கள் காகிதத்தின் கடைசி வரியைப் படித்த மறுநாள் மேஜரிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டு, "எனக்கும் காது இருக்கிறது ஆத்மநாதன்" என்றார். "அவள் எவ்வளவு நேரம் பேசினாள், அந்த ஆள் எத்தனை வார்த்தை சொன்னான் என்று எனக்கும் தெரிந்தது. துருவிக் கேட்டிருந்தால் அவள் சொன்னது அறிக்கையில் வரும். அறிக்கை இரண்டு அரசாங்கத்துக்கும் போகும். அவளைக் காப்பாற்ற என்னிடம் ஒரு சிப்பாய்கூட இல்லை. அதனால் விட்டேன்."

"அப்படியும் அவள் போய்விட்டாளே, சார்" என்றேன்.

"ஆமாம்" என்றார்.

இத்தனை நாளும் அவரை ஏமாந்தவர் என்று நினைத்திருந்தேன். அவர் அவளுக்கு நல்லது நினைத்துத்தான் வாயை மூடியிருக்கிறார். நானும் செல்லமுத்துவுக்கு நல்லது நினைத்துத்தான் மூடினேன். அந்த ஊர்க்காரர்களும் யாருக்கோ நல்லது நினைத்துத்தான் மூடியிருப்பார்கள்.

பிறகு ஒரு கூடுதல் குறிப்பு டைப் அடிக்கச் சொன்னார். பதினொரு பெயரில் செல்லமுத்துவுக்கு நாலுதான் நினைவிருந்தது. அவர் பெயரைப் போடாமல் உள்ளூர் பாஷை அறிந்த ஒருவர் என்று போட்டோம். செம்பட்டைத் தலைக்காரர் உடனே கையெழுத்திட்டார், அது அவர் தேசத்துக்குச் சாதகம். கண்ணாடிக்காரர் மறுத்துவிட்டார். பெயரில்லாத ஆள் சொன்னதை வைத்து ஒரு அரசாங்கத்தின்மேல் குற்றம் சொல்ல முடியாது என்றார். அது அவர் தேசத்துக்குச் சாதகம்தான், ஆனால் அவர் சொன்னதும் தப்பில்லையே அக்கா. கோப்பு மேலிடத்துக்குப் போயிருக்கிறது. அங்கே என்ன செய்வார்கள் என்று மேஜருக்கும் தெரியவில்லை.

நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்டிருந்தீர்கள். பிச்சை வீட்டுக்கு வந்துவிட்டான். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மச்சானுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். சொல்லலாம் என்றால்.

ஆத்மநாதன்.


வாகைக்குடி,
22-8-1957

தம்பி ஆத்மநாதனுக்கு அக்காவின் ஆசி. நீ நன்றாக இருக்க வேண்டும். என் உடம்புக்குக் குறைவில்லை. உன் வணக்கத்தை மச்சானிடம் சொன்னேன். அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

அவர் அன்றைக்குத்தான் வாயைத் திறந்தார். "நீ ஏன் முழுசையும் சொல்லல?" என்றார்.

"நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றேன்.

மறுநாள் காலையில் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, "பொட்டல்பட்டிக்குப் போறேன்" என்றார். நானும் பின்னாலேயே போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்மாய்க் கரை மேல் அவர் முன்னால், நான் பத்தடி பின்னால்.

பொட்டல்பட்டிக்குள் எங்களைக் கண்டதும் ஆட்கள் கூட வந்தார்கள். ஒருத்தன் கையில் அரிவாள் இருந்தது. அழகி வாசலில் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளைச்சாமி போனபிறகு அவளை நான் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். பாதியாகிப் போயிருந்தாள்.

உன் மச்சான் அவள் முன்னால் போய் நின்று, "நாந்தான் ஆத்தா" என்றார்.

அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. அரிவாள் வைத்திருந்தவன் முன்னால் வந்தான். அவள் அவனைப் பார்த்து, "செத்த இருடா, நான் கேக்கணும்" என்றாள்.

"மண்வெட்டிய ஓங்கினியே, அப்ப அவன் மொகத்தப் பாத்தியா?"

"பாத்தேன்."

"ஏதாச்சும் சொன்னானா?"

அவள் காத்திருந்தாள். நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"‘நீங்களா’ன்னான் ஆத்தா" என்றார்.

அவள் அதைத் தன் வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் முறத்தில் இருந்த கல்லை இரண்டு மூன்று பொறுக்கிப் போட்டாள். ஆறு மாதமாகப் போலீஸ் கேட்டது, டாக்டர் கேட்டார், ஆபீசர் கேட்டார். யார், எங்கே, எத்தனை பேர், எந்த ஆயுதம் என்றுதான் கேட்டார்கள். நானும் மடைக்கரையில் கஞ்சிக் கலயத்தோடு நின்று அவன் சொன்ன அந்த வார்த்தையைக் காதால் கேட்டவள்தான். அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"கூட்டிட்டுப் போங்கடா திருமயத்துக்கு. மேல கை வச்சிங்க, எம் மொகத்துல முழிக்காதீங்க" என்றாள்.

இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராகப் பஸ்ஸுக்குக் கூட்டிப் போனார்கள். திருமயத்தில் அவர் தானே எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது ஜெயிலில் இருக்கிறார். மூன்று வருஷமும் ஆகலாம், பத்து வருஷமும் ஆகலாம் என்கிறார் வக்கீல். பிச்சைதான் வயலைப் பார்த்துக்கொள்கிறான். ஊர் இன்னும் என்னோடு பேசவில்லை. பொட்டல்பட்டியைக் காட்டிக்கொடுத்திருந்தால் பேசியிருக்கும்.

கேஸ் திருச்சிராப்பள்ளியில். நீதிபதி மலையாளத்துப் பக்கத்தவர் என்கிறார்கள். அவருக்கு நம் கண்மாய் தெரியாது, வெள்ளைச்சாமியைத் தெரியாது, உன் மச்சானைத் தெரியாது. தெரிந்த முப்பது பேர் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டேன், அதனால் இது நல்லதற்கா கெட்டதற்கா என்று பிடிபடவில்லை. சாட்சி சொல்ல எனக்கும் சம்மன் வந்திருக்கிறது. அவரே ஒப்புக்கொண்ட பிறகு நான் எதற்கு என்று கேட்டேன். ‘கண்ணால் பார்த்தவர் வேண்டும்’ என்றார் அரசாங்க வக்கீல்.

அடுத்த திங்கட்கிழமை போக வேண்டும். திருச்சி நான் பார்த்ததில்லை. யாரோடு போவது என்று முழித்துக்கொண்டிருந்தேன். நேற்றுப் பொன்னுத்தாய் சந்தையில் வந்து என் பக்கத்தில் குந்தினாள். அழகிக்கும் சம்மன் வந்திருக்கிறதாம்.

"காலையில மொத பஸ்ஸுக்கு முக்குல நிக்கச் சொல்லுச்சு. ஒனக்கும் சேத்துக் கட்டுச்சோறு கட்டுதாம்" என்றாள்.

முத்துமாரி.